புதுக் கம்ப்யூட்டர், பழைய புரோகிராம்: வாசகர் கேள்வி-பதில்

புதிய கம்ப்யூட்டரில் 12-ஆம் தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக்காக இருக்கிறது. பத்து டேப் திறந்தால் திணறுகிறது. பழைய கம்ப்யூட்டரில் 4 ஜிபி டிடிஆர்3 இரண்டு சும்மா கிடக்கின்றன. அவற்றைக் கழற்றி இதில் போடலாமா? முடியாதென்றால் எதை வாங்குவது?
- எஸ்.ஆர்., கோவை

போட முடியாது. டிடிஆர்3 ஸ்டிக்கில் 240 உலோக முனைகள் (பின்), டிடிஆர்4-ல் 288. அடியில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. மின்னழுத்தமும் வேறு: அது 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். 'கொஞ்சம் அழுத்தினால் போகும்' என்று யாராவது சொன்னால் மதர்போர்டை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். டிடிஆர்5-இலும் 288 முனைகள்தான். ஆனால் வெட்டு இடம் மாறும், அதுவும் டிடிஆர்4 ஸ்லாட்டில் போகாது. 12-ஆம் தலைமுறை பிராசசர் இரண்டு வகையையும் ஏற்கும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் எது செல்லும் என்பதை மதர்போர்டு முடிவு செய்கிறது. உங்களுடையது டிடிஆர்4 போர்டு, அவ்வளவுதான்.

வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே இருக்கும். 3200 என்று காட்டினால் அதே 3200-இல் இன்னொரு 8 ஜிபி வாங்குங்கள். ஒன்று 3200, இன்னொன்று 2666 என்று கலந்து போட்டால் இரண்டும் 2666-இல்தான் ஓடும். கெட்டுப்போகாது, ஆனால் கொடுத்த காசுக்கு வேகம் கிடைக்காது. சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று பயப்பட வேண்டாம். அது கடிகார வேகம். ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் 3200 ஆகிறது.

8-உடன் 16 சேர்த்து 24 ஆக்கலாமா என்றால், ஆக்கலாம். இரண்டு ஸ்டிக்கிலும் பொதுவான 8+8 இரட்டைத் தடத்தில் (டூயல் சேனல், அதாவது இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நேரத்தில் தரவு போகும் வழி) ஓடும், மிச்சம் 8 ஒற்றைத் தடத்தில். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இரட்டைத் தடம் பெரிய வித்தியாசம் தரும், ஏனென்றால் படம் வரைவதற்கும் இதே ரேம்தான். ஆகவே உங்கள் தேவைக்கு 8+8 போதும்; வீடியோ எடிட்டிங் எண்ணமிருந்தால் 16+16 ஜோடியாக வாங்கி, பழைய 8-ஐ விற்றுவிடுங்கள்.

பொருத்தும் முறை: ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டைப் படுக்க வைத்து, அதன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். ஸ்லாட்டின் பிடியைத் திறந்து (சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் பிடி இருக்கும்), வெட்டை ஒத்துப்பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரல் வைத்து 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இரண்டே ஸ்லாட் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் இரட்டைத் தடம் வராது.

ஆன் செய்து திரை கறுப்பாகவே இருந்தால் பத்தில் எட்டு முறை ஸ்டிக் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கழற்றி மறுபடி அழுத்துங்கள். ஸ்டிக்கின் உலோக முனைகளில் கறை இருந்தால் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை மென்மையான பிரஷ்ஷால் முழுவதும் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள் ரப்பர்த் துகள் விழுந்தால் அது தனி வியாதி. திரை வந்த பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓடவிடுங்கள். சோதனை தொடங்கியதும் எஃப்1 அழுத்தினால் விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். இரவில் விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், அவ்வளவு நேரம் எடுக்கும்.

16 ஜிபி போட்டிருக்கிறேன். பயன்படுத்தக்கூடியது 13.9 என்று காட்டுகிறது. 2 ஜிபி எங்கே போனது?
- கல்லூரி மாணவி, திருச்சி

ஏஎம்டியின் ரைசன் பிராசசரா? அதிலுள்ள உள் கிராபிக்ஸ் 2 ஜிபியை ஒதுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) 'யூஎம்ஏ ஃபிரேம் பஃபர்' என்ற வரியை 512 எம்பி ஆக்கினால் பெரும்பகுதி திரும்பி வரும். எல்லா லேப்டாப் பயாஸிலும் அந்த வரி இருக்காது. விளையாட்டு ஓட்டுபவரென்றால் மாற்றாமல் விட்டுவிடுங்கள். மாற்றும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புக் குறியீட்டை, அந்த 48 இலக்கத்தை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்தால் சில நேரம் அதைக் கேட்கும். கேட்கும்போது கையில் இல்லாவிட்டால் தரவு போனது போனதுதான்.

25 வருடமாக மண்டிக் கணக்கு டாஸ் ஃபாக்ஸ்புரோ புரோகிராமில்தான். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிய விண்டோஸ் 11-இல் காப்பி செய்து சொடுக்கினால் 'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது' என்கிறது. 32 ஜிபி ரேம் போட்டால் ஓடும் என்று ஒருவர் சொன்னார். எழுதிக் கொடுத்தவர் இப்போது தொழிலிலேயே இல்லை.
- அரிசி மண்டி உரிமையாளர், ஆரணி

ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; 32 ஜிபிக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் புரோகிராம் 640 கேபி நினைவகத்தில் எல்லாம் ஓடிய காலத்தில் எழுதப்பட்டது. அது 16 பிட் புரோகிராம். 32 பிட் விண்டோஸ், பிராசசரிலுள்ள விர்ச்சுவல் 8086 என்ற வசதியை வைத்து அதை ஓட்டியது. 64 பிட் நிலையில் ஓடும் பிராசசரில் அந்த வசதி இல்லை, ஆகவே 64 பிட் விண்டோஸ் எதிலும் டாஸ் புரோகிராம் நேராக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பாட்டிபிலிட்டி மோடில் எதை மாற்றினாலும் பயனில்லை.

முதல் வேலை: பழைய ஹார்டுடிஸ்க்கிலிருந்து முழு ஃபோல்டரையும் இரண்டு பென்டிரைவில் காப்பி எடுங்கள். கணக்கு இருக்கும் டிபிஎஃப் கோப்புகள் மட்டும் போதாது. மெமோ கோப்பு எஃப்பிடி, இன்டெக்ஸ் கோப்புகள் சிடிஎக்ஸ் அல்லது ஐடிஎக்ஸ் எல்லாம் கூடவே வர வேண்டும். எஃப்பிடி விடுபட்டால் அதைச் சேர்ந்த டிபிஎஃப் திறக்கவே மறுக்கும்.

ஓட்டுவதற்கு இரண்டு இலவச வழிகள் உண்டு; இரண்டும் விண்டோஸுக்குள் பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள்கள். ஒரே கம்ப்யூட்டரில்தான் கணக்கு என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ். கல்லாவிலும் குடோனிலும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் திறப்பீர்கள் என்றால் வீடாஸ். இது வணிகப் புரோகிராம்களுக்கென்றே செய்தது. இருவர் ஒரே பதிவைத் திருத்தாமல் பூட்டும் வேலையை ஒழுங்காகச் செய்யும். சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அதில் பலர் சேர்ந்து வேலை பார்த்தால் இன்டெக்ஸ் குழம்பிவிடும்.

கணக்கு ஃபோல்டரை டி டிரைவில் நேரடியாக வையுங்கள். பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவில் எந்தப் பெயரில் இருந்ததோ அதே பாதை புரோகிராமுக்குள் எழுதப்பட்டிருக்கலாம். 'கோப்பு இல்லை' என்று வந்தால் டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்குள் அந்த ஃபோல்டரின் தாய் ஃபோல்டரையே சி என்று மவுன்ட் செய்தால் தீர்ந்தது. திறந்தவுடன் 'டிவைட்' என்ற சொல்லோடு பிழை வந்து வெளியே தள்ளினால், பிராசசர் வேகம் அதிகமாகிவிட்டது என்று பொருள். பழைய புரோகிராம்கள் தொடக்கத்தில் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் கணக்குப் போடும். கம்ப்யூட்டர் மிக வேகமானால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். டாஸ்பாக்ஸ்-எக்ஸில் சைக்கிள்ஸ் (பிராசசர் வேக அளவு) எண்ணை 20000 என்று நிலையாக வைத்துப் பாருங்கள்.

அடுத்த தலைவலி பிரின்டர். மண்டியில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ்தானே? 132 எழுத்து அகல ரிப்போர்ட்டை 80 எழுத்துத் தாளில் அடிக்க, புரோகிராம் பிரின்டருக்கு 15 என்ற குறியீட்டை அனுப்பி எழுத்தைச் சுருக்கச் சொல்கிறது. முடிந்ததும் 18 அனுப்பி விரிக்கச் சொல்கிறது. நடுவில் விண்டோஸ் டிரைவர் புகுந்து அந்தக் குறியீட்டை விழுங்கினால் வரிகள் உடைந்து அடுத்த வரியில் விழும். ஆகவே பிரின்டரை விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவரில் நிறுவி, இடைவெளி இல்லாத சின்னப் பெயரில் ஷேர் செய்து, வீடாஸின் அமைப்புக் கோப்பில் எல்பிடி1-ஐ (டாஸில் பிரின்டர் போர்ட்டின் பெயர்) அந்த ஷேருக்கு நேராகத் திருப்புங்கள். பிரின்டர் யூஎஸ்பியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கி மூடும் பழக்கம் மட்டும் வேண்டாம். புரோகிராமின் மெனுவில் 'வெளியேறு' கொடுத்தே வெளியேறுங்கள். இல்லையென்றால் திறந்திருந்த இன்டெக்ஸ் பாதியில் நிற்கும்; மறுநாள் ஒரு பார்ட்டியின் பாக்கி காணாமல் போயிருக்கும்.

இதெல்லாம் இரண்டு மூன்று வருடத்துக்குத் தாங்கும். அதற்குள் கணக்கை வேறொன்றுக்கு மாற்றப் பாருங்கள். டிபிஎஃப்பை லிப்ரே ஆபீஸ் கால்க் அப்படியே திறக்கும். எக்செலும் திறக்கும், ஆனால் 2007 முதல் வந்த எக்செல் டிபிஎஃப்பாகத் திருப்பிச் சேமிக்காது. படிக்க மட்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காப்பியைத் திறந்து பாருங்கள், மூலத்தை அல்ல.

லேப்டாப்பில் ரேம் கூட்ட முடியாது என்று சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், மதுரை

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் பாருங்கள். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். 'எஸ்ஓ-டிஐஎம்எம்' என்றிருந்தால் கழற்றக்கூடிய ஸ்டிக், வேறு கடை பாருங்கள். பாதி பற்றவைத்து, ஒரு ஸ்லாட் காலியாக விடும் மாடல்களும் உண்டு. தயாரிப்பாளரின் மாடல் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரை 32 ஜிபி ஆக்கினோம். போட்டோஷாப் சிஎஸ்6-இல் பெர்ஃபார்மன்ஸ் அமைப்பைத் திறந்தால் '96-க்கும் 8-க்கும் இடைப்பட்ட முழு எண் தேவை' என்று வருகிறது. எந்த எண்ணைப் போட்டாலும் ஏற்கவில்லை.
- போட்டோ ஸ்டுடியோ, நாகர்கோவில்

அப்படியொரு எண்ணே கிடையாது, அதனால் எதைப் போட்டாலும் ஏற்காது. 2012-இல் வந்த அந்தப் பதிப்பு, புதிய விண்டோஸ் சொல்லும் நினைவக அளவைத் தவறாகப் படித்துக் குழம்புகிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், அடோபி, போட்டோஷாப், 60.0 என்று உள்ளே போங்கள். முதலில் அந்த 60.0 ஃபோல்டரை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 32 பிட் டிவேர்டு (எண் மதிப்பு) ஒன்றைப் புதிதாக உருவாக்கி, 'ஓவர்ரைடு பிசிக்கல் மெமரி எம்பி' என்ற பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் எம்பியின் இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தாகத் தட்டுங்கள். மதிப்பு தசமத்தில் 4096. போட்டோஷாப்பை மூடித் திறந்தால் பெட்டி திறக்கும். 64 பிட் போட்டோஷாப் என்றால் 16000 வரை தாராளமாகக் கொடுக்கலாம். 32 பிட் பதிப்பை ஓட்டுகிறீர்கள் என்றால் எவ்வளவு கொடுத்தும் பயனில்லை: 32 பிட் புரோகிராமுக்கு 64 பிட் விண்டோஸில் கிடைப்பது 2 ஜிபி, அப்படி எழுதப்பட்டிருந்தால் அதிகபட்சம் 4 ஜிபி.

இன்னும் பழைய புரோகிராம்களில் இதே நோய் வேறு முகத்தில் வரும். 500 ஜிபி காலியாக இருக்கும், நிறுவி 'டிஸ்க்கில் இடமில்லை' என்று நிற்கும். 32 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய பெரிய எண் 2,147,483,647. அதைத் தாண்டினால் கணக்கு கழித்தல் எண்ணாகிவிடும். கழித்தல் 50 கோடி பைட் என்பது இடமில்லை என்பதுதானே! நிறுவியை விண்டோஸ் 95 அல்லது 98 கம்பாட்டிபிலிட்டியில் ஓட்டிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 1.5 ஜிபிக்கு ஒரு விஎச்டி கோப்பை (டிஸ்க் போல நடிக்கும் கோப்பு) உருவாக்கி, அதைத் தனி டிரைவாக இணைத்து அதற்குள் நிறுவுங்கள். சின்ன வீட்டைக் காட்டினால் பழைய நிறுவி நிம்மதியாகக் குடியேறும்.

பழைய பில்லிங் புரோகிராமைப் புதிய கம்ப்யூட்டரில் நிறுவினோம். ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் 'ரன் ஆஸ் அட்மினிஸ்டிரேட்டர்' கொடுத்துத் திறந்தால் ஒரு மாத பில்லும் காணோம். தரவு அழிந்துவிட்டதா?
- மருந்துக் கடை, கும்பகோணம்

அழியவில்லை. எதையும் மறுபடி நிறுவாதீர்கள், உள்ளே புது பில்லும் போடாதீர்கள்.

பழைய புரோகிராம்கள் தரவைத் தாம் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுத அனுமதி இல்லை. பழைய புரோகிராம் நின்றுவிடக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது: எழுத வந்ததை வாங்கி, அந்தப் பயனருக்கென்று 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான இடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே எழுதியதுபோல் புரோகிராமிடம் காட்டிக்கொள்கிறது. அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்தால் அந்தத் தந்திரம் கிடையாது. நிறுவிய நாளில் இருந்த வெறும் தரவுக் கோப்பு உண்மையான இடத்தில் அப்படியே இருக்கும், அதைத்தான் பார்த்தீர்கள். கடையில் இரண்டு பேர் தனித்தனி லாகினில் திறந்தால் ஆளுக்கொரு கணக்கு இருப்பதும் இதனால்தான்.

யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே உங்கள் புரோகிராமின் பெயரில் ஃபோல்டர் இருக்கும், அதில் நேற்றைய தேதி வரை திருத்தப்பட்ட தரவுக் கோப்பும் இருக்கும். அதைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு, புரோகிராமைப் புரோகிராம் ஃபைல்ஸில் இல்லாமல் சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டரில் நிறுவி, அதன் செக்யூரிட்டி பக்கத்தில் யூசர்ஸ் குழுவுக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுத்து, எடுத்து வைத்த கோப்பை அங்கே போடுங்கள். பழைய விர்ச்சுவல் ஸ்டோர் ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிடுங்கள். இனி யார் எப்படித் திறந்தாலும் ஒரே கணக்கு.

மறுபடி நிறுவும்போது ஓசிஎக்ஸ் கோப்பு (புரோகிராமின் துணைப் பாகம்) ஒன்று 'சரியாகப் பதிவாகவில்லை' என்று நின்றால், அதை சிஸ்டம்32-இல் போடாதீர்கள். பெயர் தலைகீழ்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டர் 64 பிட் கோப்புகளுக்கு, சிஸ்வாவ்64 ஃபோல்டர்தான் 32 பிட் கோப்புகளுக்கு. கோப்பை சிஸ்வாவ்64-இல் வைத்து, அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் அதே ஃபோல்டருக்குள் சென்று ரெஜ்எஸ்விஆர்32 கொண்டு பதிவு செய்யுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பல நூறு கோப்புகள் இருக்கின்றன. புதிய கணினியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. எழுத்துருவை நிறுவியும் பழைய மென்பொருள் ஒன்றில் அது பட்டியலில் வரவில்லை. வேர்டில் வாக்கியத்தின் முதலெழுத்து வேறு மாறிவிடுகிறது.
- தட்டச்சு நிலையம், யாழ்ப்பாணம்

கோப்புக்குள் தமிழே இல்லை. 'தமிழ்' என்று நீங்கள் தட்டியது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற 5 ஆங்கிலக் குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பாமினி எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று விடுகிறது.

பட்டியலில் வராததற்குக் காரணம், இப்போதைய விண்டோஸ் சாதாரணமாக நிறுவினால் எழுத்துருவை அந்த ஒரு பயனருக்கு மட்டும் அவருடைய ஃபோல்டரில் வைக்கிறது. பழைய மென்பொருள்கள் அங்கே தேடுவதில்லை. எழுத்துருக் கோப்பின்மேல் வலது சொடுக்கி, 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்பதைக் கொடுங்கள்.

முதலெழுத்து மாறுவது வேர்டின் உபகாரம். வாக்கியத்தின் முதலெழுத்தை அது பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. ஆகவே 'தமிழ்' வாக்கியத் தொடக்கத்தில் 'துமிழ்' ஆகிவிடும். ஆட்டோ கரெக்ட் பெட்டியில் முதலெழுத்துப் பெரிதாக்குவதையும், மேற்கோள் குறியை வளைப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் பாமினியிலேயே தொடர வேண்டாம். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கைபேசிக்கு அனுப்ப முடியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்குதமிழ் மாற்றியில் யூனிகோடாக்குங்கள். ஒரு கோப்பில் ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். வேர்டில் பாமினி எழுத்துரு உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றிய பின் சிறப்புக் குறிகளும் எண்களும் சரியா என்று ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். விரல் பழக்கம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்: என்எச்எம் ரைட்டரில் பாமினி விசை வரிசையிலேயே தட்டி யூனிகோடு பெறலாம்.

டிடிஆர்5 ரேம் நான்காவது ஸ்டிக் வரை நிரப்பினேன். ஆன் செய்தால் பல நிமிடம் கறுப்புத் திரை. பிறகு வந்தாலும் வேகம் 5200-க்குப் பதில் 3600. ரேம் பழுதா?
- வாசகர், சென்னை

இரண்டும் இயல்பு. புதிய ஸ்டிக் போட்டதும் போர்டு ஒவ்வொரு தடத்தையும் சோதித்து நேரம் சரிசெய்கிறது; முதல்முறை சில நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரைசன் 7000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600 என்றே ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இரண்டை எடுத்துவிட்டு, பெரிய இரண்டாக வாங்கியிருக்க வேண்டும்.

எம்பிராய்டரி டிசைன் மென்பொருளுக்குப் பழைய பிரின்டர் போர்ட்டில் செருகும் லாக் (இருந்தால்தான் மென்பொருள் திறக்கும் சாவி) இருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே இல்லை. யூஎஸ்பி மாற்றி வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், திருப்பூர்

ஆகாது. அந்த மாற்றி பிரின்டருக்கு மட்டும் தரவு அனுப்பத் தெரிந்தது. லாக்கோ போர்ட்டின் கம்பிகளை நேரடியாகத் தட்டிக் கேட்கிறது. அந்தப் பழைய போர்ட்டைத் தரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போட்டால் சில லாக்குகள் வேலை செய்யும், அதுவும் 64 பிட் டிரைவர் இருந்தால். டிரைவர் நிறுவ மறுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டக்ரிட்டி' அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அதை அணைக்க நான் சொல்லமாட்டேன், அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டும் இருந்தால். கார்டு வாங்கும் முன் மென்பொருள் விற்றவரிடம் லாக்கை யூஎஸ்பிக்கு மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். மறுத்தால், பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றை விண்டோஸ் எக்ஸ்பியோடு, இன்டர்நெட் இணைப்பில்லாமல், அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் மலிவு. டிசைனைப் பென்டிரைவில் மாற்றிக்கொள்ளலாம்.